பொண்டாட்டி மேல இருந்த பாசத்துல தையல் மெஷின் செஞ்சாரா சிங்கர்? விரிசல் விட்ட இரும்புக் கால் சொல்லும் கதை

போன மாசம் வீடு மாத்தினோம். ஃப்ரிட்ஜ், பீரோ, டிவி எல்லாம் ஒரு கீறல்கூட இல்லாம வந்து இறங்கிடுச்சு. அம்மாச்சியோட பழைய தையல் மெஷின் மட்டும் வேன்ல இருந்து இறக்கும்போது ஒருக்களிச்சுச் சாய்ஞ்சு, சிமென்ட் தரையில 'டங்'னு மோதுச்சு. மேல இருக்கிற மெஷின் தலைக்கு ஒண்ணும் ஆகலை. கீழே பூ வேலைப்பாடு போட்ட ரெண்டு இரும்புக் கால் இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணுல குறுக்கா ஒரு விரிசல். மெஷினை லேசா அசைச்சாலே அந்த வாய் திறந்து மூடுது.

அம்மாச்சி யாரையும் திட்டலை. விரலால விரிசலை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க. தாத்தா போனதுக்கு அப்புறம் ஊர்க்காரங்களுக்கு ஜாக்கெட், பாவாடை தைச்சு மூணு பிள்ளைகளைப் படிக்க வெச்ச மெஷின் அது. அதனால, அவங்க திட்டியிருந்தாலே எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

மறுநாளே காலைக் கழற்றி எடுத்துக்கிட்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பார்த்ததும் கேட்டுக்கு வைக்கிற சாதா ராடை எடுத்து மாட்டிட்டார், அஞ்சு நிமிஷ வேலைன்னார். நல்லவேளை, பக்கத்து லேத்துல இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துத் தடுத்தார். இது காஸ்ட் அயர்ன் பாப்பா, இதுல சாதா ராடை வெச்சா ஒட்டின மாதிரிதான் தெரியும், ஆனா வீட்டுக்குப் போறதுக்குள்ள பக்கத்துலயே இன்னொரு விரிசல் விழும்னு சொன்னார்.

அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. வார்ப்பிரும்புல கார்பன் ரொம்ப அதிகம், சுமார் 2 முதல் 4 சதவிகிதம் வரைக்கும். அந்தக் கார்பன் இரும்புக்குள்ள சின்னச் சின்னத் தகடா பரவிக் கிடக்கும். அதனாலதான் எவ்வளவு எடை வெச்சாலும் தாங்குற அந்தக் கால், ஒரே ஒரு அடியில பிஸ்கட் மாதிரி உடையுது. வளைஞ்சு கொடுக்கத் தெரியாது. ஒரே இடத்துல சட்டுனு சூடு கொடுத்து சட்டுனு ஆறவிட்டா, வெல்டிங் பக்கத்துல இருக்கிற பகுதி கண்ணாடி மாதிரி இறுகி மறுபடி விரிசல் விடும்.

பெரியவர் மூணு நாள் டைம் கேட்டார். அந்த மூணு நாளும் நான் பண்ணின வேலை, அந்தக் கால்ல எழுத்து எழுத்தா வார்த்திருந்த பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு தேடினதுதான். சிங்கர். ஐசக் மெரிட் சிங்கர்.

மனுஷன் லைஃபை வெப் சீரிஸா எடுத்தா மூணு சீஸன் ஓடும்!

நாடக ஆசையில ஓடிப்போன பையன்

1811 அக்டோபர் 27-ம் தேதி, அமெரிக்காவோட நியூயார்க் மாநிலத்துல பிட்ஸ்டவுன்ங்கிற ஊர்ல பிறந்தவர். அப்பா ஜெர்மனியில இருந்து குடியேறினவர். சிங்கருக்குப் பத்து வயசு ஆனப்போ அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சிட்டாங்க. கொஞ்ச நாள்லயே பையன் வீட்டை விட்டுக் கிளம்பி, ராசெஸ்டர்ல இருந்த அண்ணன்கிட்ட போய்ச் சேர்ந்துட்டான். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஒரு மெஷின் பட்டறையில வேலை கத்துக்கிட்டான். ஆனா, மனசு பூரா மேடை. ஷேக்ஸ்பியர் நாடகத்துல நடிக்கணும், ஜனங்க கைதட்டணும், அவ்வளவுதான் கனவு.

1830-ல, 19 வயசுல கேதரின் மரியா ஹேலியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பொண்ணுக்கு 15 வயசு. ரெண்டு குழந்தைங்க. ஆனா, நாடகக் குழுவோட ஊர் ஊரா அலையுறவர் வீட்டுல தங்குவாரா? 1836-ல பால்டிமோர்ல மேரி ஆன் ஸ்பான்ஸ்லர்ங்கிற பொண்ணைப் பார்த்தார். தனக்குக் கல்யாணம் ஆனதை மறைச்சுக் காதலிச்சார். அவங்களும் நம்பி வந்து, அவரோட சேர்ந்தே நடிச்சாங்க. இவங்களுக்குப் பத்துக் குழந்தைங்க. கல்யாணம் மட்டும் நடக்கவே இல்லை.

இடையில ஒரு அதிர்ஷ்டம். இல்லினாய் பக்கம் கால்வாய் வெட்டுற வேலையில இருந்தப்போ, பாறையைத் துளைக்கிற மெஷின் ஒண்ணைக் கண்டுபிடிச்சு 1839-ல காப்புரிமை வாங்கினார். அதை வித்து 2,000 டாலர் கிடைச்சது. அந்தக் காலத்துல அது பெரிய தொகை. என்ன பண்ணினார் தெரியுமா? மொத்தத்தையும் போட்டு சொந்த நாடகக் குழு ஆரம்பிச்சார். சில வருஷம் ஊர் ஊரா சுத்தி, ஒஹாயோ மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல கையில காசில்லாம வந்து நின்னார்.

வயித்துப் பாட்டுக்காக அச்சகத்துக்கு மர எழுத்து செதுக்குற வேலைக்குப் போனார். போன இடத்துலயும் கை சும்மா இருக்கலை. அந்த எழுத்துகளைச் செதுக்க ஒரு மெஷின் செஞ்சு, 1849-ல அதுக்கும் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்ல ஒரு பட்டறையில அதை வெச்சிருந்தப்போ பாய்லர் வெடிச்சு, மெஷின் சுக்குநூறு. அப்போ அவருக்கு வயசு 40-ஐ நெருங்குது. வீட்டுல எட்டுக் குழந்தைங்க. வேலை இல்லை.

ரிப்பேர் பண்ண வந்த மெஷின்

ஜார்ஜ் ஸீபர்னு ஒரு புத்தக வியாபாரி சிங்கரை நம்பிப் பணம் போட்டார். ரெண்டு பேரும் பாஸ்டனுக்குப் போய், ஆர்சன் ஃபெல்ப்ஸ்ங்கிறவரோட பட்டறையில ஒரு மூலையை வாடகைக்குப் பிடிச்சு, எழுத்து செதுக்குற மெஷினைக் காட்சிக்கு வெச்சாங்க. வாங்க ஆள் வரலை.

அதே பட்டறையில ஃபெல்ப்ஸ், லெரோ அண்ட் பிளாட்ஜெட் மாடல் தையல் மெஷின்களைச் செஞ்சு வித்துக்கிட்டு இருந்தார். பிரச்னை என்னன்னா, வித்ததுல பலது ரிப்பேருக்குத் திரும்பி வந்துக்கிட்டே இருந்துச்சு. அதுல நூலைக் கொண்டுபோற ஷட்டில் வட்டமா சுத்தும். ஒவ்வொரு சுத்துக்கும் நூல்ல முறுக்கு விழும். கொஞ்ச நேரத்துல நூல் பட்டுனு அறுந்துடும். தைக்கிற நேரத்தைவிட நூல் கோக்குற நேரம்தான் அதிகம்.

இதைக் கொஞ்சம் பாருன்னு ஃபெல்ப்ஸ் சொன்னப்போ, சிங்கருக்கு முதல்ல இஷ்டமே இல்லையாம். பொம்பளைங்களை வாய் திறக்காம வெச்சிருக்கிறது தையல்தான், அதையும் ஒழிக்கணுமானு நக்கல் அடிச்சதா ஒரு கதை உண்டு. இருந்தாலும் பார்த்தார். ஷட்டில் வட்டமா போக வேண்டாம், முன்னும் பின்னுமா நேரா போகட்டும். வளைஞ்ச ஊசி வேண்டாம், நேரான ஊசி மேலேயும் கீழேயும் போகட்டும். துணி படுக்கையா ஒரு மேசை மேல இருக்கட்டும், அது எழும்பாம இருக்க மேல ஒரு அழுத்துற பாதம் இருக்கட்டும். இன்னைக்கு உங்க தெரு டெய்லர் கடையில ஓடுற மெஷினைப் பாருங்க, அடிப்படை இதேதான்.

ஸீபர் கொடுத்த 40 டாலர். 11 நாள். ராத்திரி பகலா வேலை. 11-வது நாள் ராத்திரி மெஷினை ஓட்டினா, தையல் எல்லாம் தொளதொளன்னு விழுந்துச்சு. வேலையாளுங்க வெறுத்துப்போய் கிளம்பிட்டாங்க. சிங்கரும் ஸீபரும் தோத்துப்போன முகத்தோட நடந்து போகும்போது, மேல் நூலோட டென்ஷனைச் சரி பண்ணவே இல்லைங்கிறது ஞாபகத்துக்கு வந்துச்சு. அப்படியே திரும்பிப் போய் அதை இறுக்கினார்கள். அஞ்சு தையல் கச்சிதமா விழுந்து, அதுக்கப்புறம் நூல் அறுந்துச்சு. அந்த அஞ்சு போதும்னு அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. இது சிங்கரே பின்னால சொன்ன கதை. நாடக நடிகர் சொன்னதுங்கிறதால கொஞ்சம் மசாலா இருக்கலாம்!

1851 ஆகஸ்ட் 12-ம் தேதி காப்புரிமை கிடைச்சது. கையால நிமிஷத்துக்கு 40 தையல் போடுற இடத்துல, இந்த மெஷின் 900 தையல் போட்டுச்சு.

நம்ம இரும்புக் கால் விஷயத்துக்கு வர்றேன். முதல் மெஷினை வாங்குறவங்க அது வந்த மரப்பெட்டியையே கவிழ்த்து மேசையா வெச்சுக்கணும். அதுல ராட்டை மாதிரி காலால மிதிக்கிற ஒரு ஏற்பாட்டையும் சிங்கர் சேர்த்திருந்தார். ரெண்டு கையும் துணிக்கு, கால் சக்கரத்துக்கு. பிரமாதமான ஐடியா. ஆனா, அதுக்குக் காப்புரிமை வாங்கணும்னு அவருக்குத் தோணவே இல்லை. போட்டிக் கம்பெனிக்காரர் ஒருத்தர் சொல்லித்தான் உறைச்சுது. அதுக்குள்ள காலம் கடந்து போயிடுச்சு. எல்லாரும் மிதியைக் காப்பி அடிச்சிட்டாங்க.

மரப்பெட்டி போய், கால் வார்ப்பிரும்புக்கு மாறினதுக்கும் காரணம் உண்டு. உருக்கி அச்சுல ஊத்தினா பூ, கொடி, கம்பெனி பேர் எல்லாம் ஒரே வார்ப்புல வந்துடும். விலையும் கம்மி. கனம் இருக்கிறதால மெஷின் எவ்வளவு வேகமா ஓடினாலும் அதிர்வை வாங்கிக்கும். கீழே போடாத வரைக்கும் நூறு வருஷம் தாங்கும். கீழே போட்டா என்ன ஆகும்னுதான் எனக்கு நல்லா தெரியுமே.

கூட இருந்தவங்க கதி

இங்கேதான் ஹீரோ மேல இருந்த மரியாதை எனக்குக் குறைய ஆரம்பிச்சது. பட்டறை கொடுத்த ஃபெல்ப்ஸ், பணம் போட்ட ஸீபர், சிங்கர் மூணு பேரும் பார்ட்னர்ஸ். முதல்ல ஃபெல்ப்ஸை வெளியே அனுப்பினார். அப்புறம் ஸீபர் காய்ச்சல்ல படுத்திருந்த சமயம், நீங்க பிழைக்க மாட்டீங்கன்னு டாக்டர் சொல்றார்னு பயமுறுத்தி, அவர் பங்கை 6,000 டாலருக்கு எழுதி வாங்கிட்டார். இது ஸீபர் தரப்புல சொன்ன கதை. ஸீபர் பிழைச்சு எழுந்தப்போ, அந்தப் பங்கோட மதிப்பு எங்கேயோ போயிருந்துச்சு.

அடுத்து வந்தவர் எட்வர்ட் கிளார்க்ங்கிற வக்கீல். இவர்கிட்ட சிங்கர் பாச்சா பலிக்கலை. கிளார்க் அவரைவிடக் கெட்டி. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காது, ஆனா ஒருத்தர் இல்லாம இன்னொருத்தருக்கு ஓடாது.

கிளார்க்கோட மூளைக்கு முதல் வேலை, எலியாஸ் ஹோவ் போட்ட கேஸ். நுனியில காது வெச்ச ஊசி, மேல ஒரு நூல் கீழ ஒரு நூல் கோத்துப் பூட்டுற தையல், இதுக்கெல்லாம் 1846-லயே காப்புரிமை வாங்கினவர் ஹோவ். அவர் கேஸ்ல ஜெயிச்சார். 1854-ல சிங்கர் கம்பெனி 15,000 டாலர் கொடுத்து சமாதானம் ஆச்சு. 1856-ல சிங்கர், ஹோவ் உட்பட நாலு தரப்பும் தங்களோட காப்புரிமைகளை ஒரே கூடையில போட்டு, மெஷின் செய்யுற எல்லார்கிட்டயும் கட்டணம் வசூலிக்க ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல விக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோவுக்கு முதல்ல 5 டாலர் போச்சு.

அதே 1856-ல இன்னொரு வேலை நடந்துச்சு. மெஷின் விலை 125 டாலர். அன்னைக்கு ஒரு சராசரி குடும்பத்தோட வருஷ வருமானமே சுமார் 500 டாலர்தான். யார் வாங்குவா? கிளார்க் தவணை முறையைக் கொண்டு வந்தார். கொஞ்சம் கட்டிட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, மிச்சத்தை மாசாமாசம் கட்டுங்க. நம்ம போன் வாங்குற இ.எம்.ஐ-க்குத் தாத்தா இதுதான்.

சிங்கர் பங்குக்கு மேடை அனுபவத்தை இறக்கினார். திருவிழா, கண்காட்சி, சர்க்கஸ் கூடாரம்னு மெஷினைத் தூக்கிட்டுப் போய் நின்னு பேசினார். மெஷினைப் பொம்பளைங்களால ஓட்ட முடியாதுன்னு நினைச்ச காலம் அது. நியூயார்க் கடை ஜன்னல்ல பெண்களை உட்கார வெச்சுத் தைக்கச் சொன்னார். கூட்டம் கூடிச்சு. கண்டுபிடிப்பு மேல பெருசா அக்கறை இல்லை, அதுல வர்ற காசுதான் வேணும்னு வெளிப்படையாவே சொல்வாராம். அந்த நேர்மையாவது இருந்துச்சு.

ஒரே ஊர்ல எத்தனை வீடு?

காசு வந்ததும் நியூயார்க்ல ஐந்தாவது அவென்யூல மாளிகை. மஞ்சள் கலர்ல ஒரு ராட்சத கோச் வண்டி, 30 பேருக்கு மேல உட்காரலாம், ஒன்பது குதிரை இழுக்கும். அவர் குடும்பத்துக்கு அந்த சைஸ்தான் சரி!

1860-ல ஒருநாள் மேரி ஆன் தன் வண்டியில போய்க்கிட்டு இருந்தாங்க. எதிர்ல வந்த வண்டியில சிங்கர், பக்கத்துல மேரி மெகானிகல்னு ஒரு பொண்ணு. 24 வருஷம் கூட வாழ்ந்து, பட்டினி காலத்துல எல்லாம் கூட நின்ன மேரி ஆன், நடுத்தெருவுல கத்தினாங்க. சிங்கர் வீட்டுக்கு வந்து அவங்களையும், தடுக்க வந்த மகளையும் அடிச்சார். மேரி ஆன் போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. கைது, ஜாமீன், பேப்பர்ல நியூஸ்னு ஊரே நாறிச்சு. அப்போதான் தெரிஞ்சது, அதே நியூயார்க்ல வேற பேர்ல அவருக்கு இன்னும் ரெண்டு குடும்பம் இருக்குனு. மொத்தக் குழந்தைங்க எண்ணிக்கை 20-ஐத் தாண்டுது.

சிங்கர் ஐரோப்பாவுக்குக் கிளம்பிட்டார். துணைக்கு யார் தெரியுமா? மெகானிகலோட தங்கச்சி. என்னத்தைச் சொல்ல.

கேதரினை விவாகரத்து பண்ணினதும் அதே 1860-லதான். அதுவும் எப்படி? வருஷக்கணக்கா அவங்களைக் கைவிட்டவர், அவங்க நடத்தை சரியில்லைன்னு காரணம் காட்டி! அந்த வழக்குல அம்மா பக்கம் பேசின மூத்த மகன் வில்லியமுக்கு அப்பாவோட உயில்ல கிடைச்சது 500 டாலர். சொத்து மதிப்பு எவ்வளவுன்னு கேட்கிறீங்களா? சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர்.

1863-ல பாரீஸ்ல பிறந்த இசபெல்லா பாயரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஆறு குழந்தைங்க. சுதந்திரதேவி சிலைக்கு மாடலே இந்த இசபெல்லாதான்னு ஒரு தகவல் இன்ஸ்டா ரீல்ஸ்ல சுத்துது. அதுக்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. அதே வருஷம் பழைய கம்பெனியைக் கலைச்சு, சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி ஆரம்பிச்சாங்க. சிங்கர் உயிரோட இருக்கிற வரைக்கும் அவரும் தலைவராகக் கூடாது, கிளார்க்கும் ஆகக் கூடாதுன்னு ஒப்பந்தம். குழாயடிச் சண்டைக்காரங்ககூட இவ்வளவு தெளிவா இருக்க மாட்டாங்க.

பாரீஸ்ல இருந்தவர், 1870 போர் காரணமா இங்கிலாந்துக்கு மாறினார். டெவன் பகுதியில பெயின்டன்ங்கிற கடலோர ஊர்ல ஓல்ட்வேனு ஒரு பிரமாண்ட மாளிகை கட்ட ஆரம்பிச்சார். செல்லப் பேர் விக்வாம், செவ்விந்தியர்களோட குடிசைன்னு அர்த்தம். உள்ளேயே ஒரு நாடக அரங்கம் வேணும்னார், ஆசை விடலை பாருங்க. வீடு முடியுறதுக்குள்ள, 1875 ஜூலை 23-ம் தேதி இறந்துட்டார். மேரி ஆன், நான்தான் மனைவின்னு கோர்ட்டுக்குப் போனாங்க. கோர்ட் இசபெல்லாவைத்தான் ஏத்துக்கிச்சு.

காந்தி நம்பின கதை

தேடும்போது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது இதுதான். மெஷின்களுக்கு எதிரா பேசின காந்தி, ஒரு மெஷினுக்கு விலக்கு கொடுத்தார். அது சிங்கர் தையல் மெஷின். 1924-ல ஒரு உரையாடல்ல அவர் சொன்ன காரணம், தன் மனைவி கையால தைச்சுத் தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து, அவங்க மேல இருந்த அன்புல சிங்கர் இதைச் செஞ்சார்ங்கிறது.

மேல படிச்சீங்கல்ல? எந்த மனைவிக்காக?

அந்தக் கதைக்கு உண்மையிலேயே கிட்ட வர்றவர் எலியாஸ் ஹோவ். அவர் மெஷினோட போராடின வருஷங்கள்ல, அவர் மனைவி எலிசபெத் துணி தைச்சுத்தான் குடும்பத்தை ஓட்டினாங்க. வறுமையில காசநோய் வந்து, மெஷின்ல காசு வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. அந்த வீட்டோட சோகம், எப்படியோ சிங்கர் பேர்ல வந்து ஒட்டிக்கிச்சுபோல. மார்க்கெட்டிங் பலம்!

ஆனா, காந்தி அந்த மெஷினைப் பத்தி சொன்னது தப்பில்லைன்னுதான் எனக்குத் தோணுது. கையால தைச்சா ஒரு சட்டைக்கு 14 மணி நேரத்துக்கு மேல ஆகும், மெஷின்ல ஒண்ணேகால் மணி நேரம்னு அந்தக் காலத்துக் கணக்கு ஒண்ணு இருக்கு. இன்னொரு பக்கம், அதே மெஷினை வெச்சு ராத்திரி பகலா பெண்களைப் பிழிஞ்சு எடுத்த தொழிற்சாலைகளும் வந்துச்சு. எங்க அம்மாச்சிக்கு அது யார்கிட்டயும் கை ஏந்தாத வாழ்க்கையைக் கொடுத்துச்சு. செஞ்சவர் எப்படிப்பட்டவர்ங்கிறது அவங்களுக்குத் தெரியாது. இப்போ சொன்னப்போ, அந்தாளு தலையெழுத்து, மெஷின் என்ன பண்ணுச்சுன்னு கேட்டுட்டு வெத்தலையை மடிக்கப் போயிட்டாங்க.

உங்க வீட்டுலயும் பழைய சிங்கர் இருந்தா, அடித்தட்டுல இருக்கிற நம்பரைப் பாருங்க. ஒய், எஃப், ஜே மாதிரி எழுத்துல ஆரம்பிச்சா, அது ஸ்காட்லாந்துல கிளைடுபேங்க் ஊர்ல இருந்த தொழிற்சாலையில இருந்து கப்பல் ஏறி வந்ததா இருக்கும். 1885-ல திறந்தாங்க.

மூணாவது நாள் சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். பெரியவர் பண்ணின வேலையைச் சொன்னார். விரிசல் மேல நகராம இருக்க அதோட ரெண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டிருக்கார். எண்ணெய், பெயின்ட் எல்லாம் சுரண்டி எடுத்து, விரிசல் நெடுக கிரைண்டரால பள்ளம் எடுத்திருக்கார். கேஸ்ல மொத்தக் காலையும் பதமா சூடாக்கி, பித்தளை ராடை உருக்கி அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கார். பித்தளை உருகுற சூட்டுல இரும்பு உருகாது, அதனால அது அதிகம் இறுகாது. அப்புறம் சாம்பல்ல புதைச்சு ஒரு ராத்திரி பூரா ஆறவிட்டிருக்கார். அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தினா போச்சு. கால் வரைக்கும் இது ஓகே, ஆனா மெஷின் தலையில விரிசல்னா இந்த சூடெல்லாம் வேண்டாம், உள்ள இருக்கிற அளவெல்லாம் கோணிடும், மேல இருக்கிற தங்கப்பூ எல்லாம் கருகிடும்னும் எச்சரிச்சார்.

கறுப்பு பெயின்ட் அடிச்சுத் தரவான்னு கேட்டார். அம்மாச்சிக்கு போன் பண்ணினேன். அடிக்கச் சொன்னாங்க, விரிசல் தெரிஞ்சா வர்றவங்க எல்லாம் விசாரிப்பாங்களாம்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். பெல்ட்டைக் கோத்து, எண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துணியை வெச்சு அம்மாச்சி மிதிச்சாங்க. கால் அசையலை. தையல் மட்டும் தொளதொளன்னு விழுந்துச்சு. அம்மாச்சி மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டு, மேல இருக்கிற டென்ஷன் திருகை அரைச் சுத்து திருப்பி, துணியைத் தள்ளி வெச்சு மறுபடி மிதிச்சாங்க.